பதினோராவது ஆள்

இந்திராதேவியின் வீட்டில் பத்துப் பேர் தங்கலாம் என்று அரசாங்கம் அனுமதி கொடுத்திருந்தது. தங்கியிருந்ததோ பதினொரு பேர். ஒரே ஒரு ஆள்தானே கூடுதல் என்று நீங்கள் சொல்லலாம். இந்திராவும் நாலு மாதமாகத் தனக்குத்தானே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததே தவிர பயம் குறையவில்லை. உரிமம் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது. சோதனைக்கு வருகிறவர்கள் தலையை எண்ணினால் வீட்டையே மூடச் சொல்லலாம். மூடினால் பதினொரு பேரும் ஆளுக்கொரு திசையில் போக வேண்டியதுதான். அவர்களில் பாதிப் பேருக்கு எந்தத் திசையும் தெரியாது.

அவள் பிறந்தது ஜாசினுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா கங்காணி. பதினாறு வயதில் ஆயாக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். பால்மரம் வெட்டப் போகிற தாய்மார்கள் விட்டுப்போகும் குழந்தைகளைத் தொட்டிலாட்டிப் பார்த்துக்கொள்கிற வேலை. தோட்டம் கைமாறி வீடுகளாக ஆனபோது மலாக்காவுக்கு வந்து ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைத் துடைத்து, புரட்டிப் படுக்க வைக்கிற வேலை பார்த்தாள். லோரி ஓட்டிய கணவன் சீக்கிரமே போய்ச் சேர்ந்தான். அவனுடைய அம்மா படுக்கையில் விழுந்தாள். மாமியாரை இவள் பார்த்துக்கொண்ட அழகைக் கண்டு, "எங்கம்மாவையும் ஒரு மூலையில வெச்சிக்கயேன்" என்று ஒவ்வொருவராகக் கொண்டுவந்து விட்டார்கள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இந்திராவுக்குப் பிள்ளை கிடையாது. பழமொழியில் முதல் பாதிதான் அவளுக்கு வாய்த்தது.

இப்படித்தான் புக்கிட் காத்திலில், வரிசை வீடுகளின் மூலையில் இருந்த அவள் வீடு ஒரு பராமரிப்பு இல்லமாக ஆனது. இதற்கெல்லாம் உரிமம் வேண்டும் என்பதே சில வருடங்கள் அவளுக்குத் தெரியாது. சோறு ஊட்டுவதற்கு எவனிடம் அனுமதி கேட்பது? பிறகு கெபாஜிக்கான் என்று எல்லாரும் சொல்கிற நலத்துறையிலிருந்து ஆள் வந்தது. போம்பா, அதாவது தீயணைப்புத் துறை, வந்தது. சுகாதாரத்துக்காரர்கள் வந்தார்கள். இந்திரா வாய் ஓயாமல் திட்டினாள். ஆனால் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் செய்தாள். பின்கதவை இடித்து அகலமாக்கினாள். சமையலறையில் தீயணைக்கும் உருளை மாட்டினாள். கட்டில்களுக்கு நடுவே சக்கர நாற்காலி போகிற அளவுக்கு இடம் விட்டாள். விட்ட பிறகு பார்த்தால் பத்துக் கட்டிலுக்கு மேல் அந்த வீடு கொள்ளாது. சான்றிதழ் வந்தபோது அதைச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, கண்ணாடி மேல் சந்தனம் குங்குமம் வைத்தாள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி முருகனுக்குக் காட்டினால் சான்றிதழுக்கும் உண்டு.

வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்தவள் மீனம்மா ஒருத்திதான். ஆனால் இந்திராவின் வலதுகை ஷாந்தினி. அவளும் அங்கே தங்கியிருக்கிற பத்துப் பேரில் ஒருத்தி. வயது முப்பதைத் தாண்டிவிட்டது, மனசு மட்டும் சின்னப்பிள்ளை. அம்மா செத்த பிறகு, குருபோங்கில் தொழிற்சாலை வேலை பார்க்கும் அண்ணன் கொண்டுவந்து விட்டான். முதலில் மாதாமாதம் வந்தான். அப்புறம் தீபாவளிக்கு வந்தான். அப்புறம் வரவில்லை. ஷாந்தினி அதற்காக அழுது நாள் கழிக்கவில்லை. படுக்கையில் இருந்த கிழவிகளுக்குக் கஞ்சி ஊட்டுவதிலும், யாருக்கு எந்தத் தலையணை என்று சண்டை தீர்ப்பதிலும் அவளுக்குப் பொழுது போதவில்லை.

பதினோராவது ஆள் அப்புசாமி. அவரைக் கொண்டுவந்தது முச்சந்தியில் மளிகைக்கடை வைத்திருந்த இப்ராஹிம், தெருவுக்கே நானா, அதாவது அண்ணன். மழையில் நனைந்த ஒரு கிழவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நிறுத்தினார்.

"தங்கச்சி, ரெண்டு நாளா என் கடை முன்னால அஞ்சடியில படுத்துக் கெடக்குறாரு. யாரு, எவருன்னு கேட்டா பேரு மட்டும்தான் சொல்றாரு. ஒரு ராத்திரி மட்டும் வெச்சிக்க."

"எடம் இல்ல நானா. பத்துக்கு மேல வெச்சா என் லைசென்ஸ் போயிரும்."

"ஒரே ராத்திரிதானே லா."

ஒட்டகம் கூடாரத்துக்குள் முதலில் மூக்கைத்தானே நீட்டியது. ஒரு ராத்திரி நாலு மாதம் ஆயிற்று. போலீசில் சொல்லிவைத்தார்கள், அவரைத் தேடி ஒருவரும் வரவில்லை. நலத்துறையிலும் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதுதான் இந்திரா செய்த பிழை. ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் சொல்வதற்கான தைரியம் ஒரு படி இறங்கியது.

அப்புசாமிக்கு மறதி நோய். பால்மரம் வெட்டியது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. கண் விழித்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுவார். நாலு வீடு தள்ளினால் பெரிய சாலை, லோரிகள் பறக்கிற சாலை. பயந்துபோய் இந்திரா கிரில் கதவுக்குப் பூட்டுப் போட்டாள். ஆனால் வெளியே போகிற வழியைப் பூட்டக்கூடாது என்பது போம்பா விதி. பூட்டினால் தீ விபத்தில் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள், பூட்டாவிட்டால் இந்த மனுசன் சாலையில் அடிபடுவார். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் கங்காணி மகளுக்கு ஒரு யோசனை வந்தது. பெரட்டு!

தோட்டத்தில் விடிகாலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத்தான் பெரட்டு என்பார்கள். பெயர் வந்தால் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். கங்காணி அன்றைக்கு எந்த நிரை, அதாவது எந்த மர வரிசை, என்று சொல்லுவார். அதற்குப் பிறகு எவனும் நிரையை விட்டு அசையமாட்டான். இந்திரா காலையில் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்தாள். படுத்திருந்தவர்களும் அறைக்குள்ளிருந்தே பதில் சொன்னார்கள். கடைசியாக, "அப்புசாமி! வாசல் நெரை!" என்பாள். அவர் "இருக்கேங்க" என்று சொல்லி, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். குப்பை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உச்சிவேளை வரை கூட்டுவார். வாசற்படி தாண்டமாட்டார். இந்திரா பூட்டைத் தூக்கி எறிந்தாள்.

சோதனைக்குப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வருவதாக அதிகாரி சொல்லியிருந்தார். இந்திரா ஏற்பாடு செய்துவிட்டாள். பெரட்டு முடிந்ததும் இப்ராஹிம் வந்து அப்புசாமியைக் கடைக்குக் கூட்டிப் போவார், தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து மத்தியானம் வரை வைத்துக்கொள்வார். அவர் படுக்கிற மடக்குக் கட்டில் அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் வந்து நிற்காமல் இருந்திருந்தால்.

"ஸோரி ஆன்ட்டி, பத்து மணிக்கு இன்னொரு எடத்துக்குப் போகச் சொல்லிட்டாங்க. இப்பவே பாத்துரலாமா?"

அதிகாரி உஷாராணி சின்னப் பெண். கழுத்தில் அலுவலக அட்டை, கையில் கோப்பு. சிரித்த முகம். சிரித்த முகமாக இருந்ததே இந்திராவுக்கு இன்னும் பயத்தைத் தந்தது.

"வாங்க புவான், வாங்க. உள்ள வாங்க." வயதில் சின்னவளானாலும் அதிகாரி என்றால் புவான், அம்மணிதான்.

உஷாராணியின் கண் நேராகப் போய் விழுந்தது, துடைப்பத்தோடு தூண் அருகில் நின்ற அப்புசாமியின் மேல்.

"இவரு?"

"வாசல் கூட்ட வர்றவரு புவான். வெளியாளு."

பொய் அவ்வளவு வழவழவென்று வாயிலிருந்து வந்ததில் இந்திராவுக்கே வெட்கமாக இருந்தது. அப்புசாமிக்குக் காது மந்தம், நல்லவேளை.

"இது என்ன, எல்லாரும் லைனா ஒக்காந்திருக்காங்க?"

"பெரட்டு!" என்று கத்தினாள் ஷாந்தினி. "அக்கா பேர் கூப்புடுவாங்க, நாங்க இருக்கேன்னு சொல்லணும்!"

"ஐயோ, எங்க தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன்!" உஷாராணிக்கு ஒரே சந்தோசம். "கூப்புடுங்க ஆன்ட்டி. அப்படியே நானும் எண்ணிக்கிறேன்."

வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது? இந்திரா பெயர்களைக் கூப்பிட்டாள். ஒவ்வொரு "இருக்கேன்"-க்கும் உஷாராணி ஒரு விரலை மடக்கினாள். அறைகளிலிருந்தும் குரல்கள் வந்தன. பத்தாவது பெயர் முடிந்தது. அப்புசாமி துடைப்பத்தை இடுக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அவர் முறை. அவருடைய கண் இந்திராவின் வாயையே பார்த்தது.

"அவ்வளவுதான்" என்றாள் இந்திரா.

"பத்து. கரெக்ட்" என்றாள் உஷாராணி.

"அக்கா, தாத்தா பேர..." என்று ஷாந்தினி ஆரம்பித்தாள்.

"ஷாந்தி, அடுப்புல பால் இருக்கு. பொங்கிடப் போகுது, ஓடு!"

அப்புசாமியை மறுபடி பார்க்க இந்திராவுக்குத் துணிவில்லை. இப்ராஹிம் எந்த நிமிடமும் வந்துவிடுவார், கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று மனசைத் தேற்றிக்கொண்டு அதிகாரியை உள்ளே அழைத்துப்போனாள். உஷாராணி ஒன்றையும் விடவில்லை. மருந்துப் பெட்டியைத் திறந்தாள். தீயணைக்கும் உருளையின் தேதியைப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டில் அருகிலும் நின்று பாட்டிகளிடம் நலம் விசாரித்தாள், அப்படியே முதுகில் புண் இருக்கிறதா என்றும் பார்த்தாள். பின்கதவைத் திறந்து மூடினாள். அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"இந்தக் கட்டிலு?"

"யாராச்சும் விருந்தாளி வந்தா போடுறது புவான்."

இரண்டாவது பொய். முதல் பொய்யைவிட இது எளிதாக இருந்தது.

கூடத்துக்குத் திரும்பி வந்து உஷாராணி உட்கார்ந்தாள், பேனாவைத் திறந்தாள். "எல்லாம் நல்லா இருக்கு ஆன்ட்டி. இவ்வளவு சுத்தமா நான் அதிகம் பாத்தது இல்ல."

இந்திராவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதே கண்ணோடு வாசலைப் பார்த்தாள். கிரில் கதவு பாதி திறந்திருந்தது. துடைப்பம் தூணில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆள் இல்லை.

ஷாந்தினி வெளியிலிருந்து ஓடிவந்தாள். "அக்கா, தாத்தாவக் காணோம்! நானா கடையிலயும் இல்ல! நானா இப்பத்தான் கெளம்புறாரு!"

உஷாராணி தலையைத் தூக்கவில்லை. "வாசல் கூட்டுறவரா? வேல முடிஞ்சு வீட்டுக்குப் போயிருப்பாரு லா."

அந்த நிமிடத்தைப் பற்றி இந்திரா பிறகு யாரிடமும் பெருமையாகப் பேசியதில்லை. ஏனென்றால் அவள் உடனே வாயைத் திறக்கவில்லை. அதிகாரியே நல்ல வழி காட்டிவிட்டாள். ஆமாம் புவான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கையெழுத்தாகிவிடும், கார் போய்விடும், பிறகு தேடலாம். இப்ராஹிம் இருக்கிறார், அவருடைய மோட்டார் சைக்கிள் இருக்கிறது. பத்துப் பேருக்காக ஒருவர் கொஞ்ச நேரம் காத்திருக்கக் கூடாதா? வெளியே சாலையில் ஒரு லோரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இந்திரா அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"அவருக்கு வேற வீடு இல்ல புவான். இங்கதான் இருக்காரு. பதினோராவது ஆளு."

பேனா நின்றது. "எவ்வளவு நாளா?"

"நாலு மாசமா. அவருக்கு ஞாபகம் நிக்காது, காதும் கேக்காது. என்னைத் திட்டணும்னா அப்புறம் திட்டுங்க. மொதல்ல காரை எடுங்க!"

உஷாராணியின் முகத்தில் சிரிப்பு செத்துப்போனது. ஆனால் அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. மீனம்மாவிடம் வீட்டை விட்டுவிட்டு இருவரும் காரில் ஏறினார்கள். ஷாந்தினி கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டாள். உஷாராணி போலீசுக்குப் போன் செய்தபடியே காரை ஓட்டினாள்.

"ஏன் திடீர்னு கெளம்பிட்டாரு?"

"நான் பேர் கூப்புடல. தோட்டத்துல பெரட்டுல பேர் வரலன்னா, பேர வெட்டிட்டாங்கன்னு அர்த்தம். வேல போச்சு. நானே அவரப் போன்னு சொன்ன மாதிரி."

"அப்ப எங்க போவாங்க?"

இந்திரா கண்ணை மூடினாள். அப்பாவின் காலத்தில் பெயர் வெட்டப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? வீட்டுக்குப் போகமாட்டார்கள். போனால் பெண்டாட்டிக்கு என்ன பதில் சொல்வது? "ஆபீசுக்கு. தொரையப் பாத்துக் கெஞ்சுறதுக்கு. ஆபீஸ் மாதிரி இருக்கிற எடமாப் பாருங்க புவான்."

பெரிய சாலைக்குத் திரும்பியதும் கூட்டம் தெரிந்தது. நடு ரோட்டில் ஒரு லோரி விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. சுற்றி ஆட்கள் குனிந்து எதையோ பார்த்தார்கள். இந்திரா கார் நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டாள். ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று பின்னால் கிடந்தது. மாரியாத்தா, மாரியாத்தா என்று வாய் தானாக முனகியது. கூட்டத்தை விலக்கிப் பார்த்தால் சாய்ந்து கிடந்த மோட்டார் சைக்கிளும், முழங்கால் தோல் உரிந்து உட்கார்ந்திருந்த ஒரு பையனும். யாரோ கிழவர் ஒருவர் இப்படியும் அப்படியும் பார்க்காமல் குறுக்கே போனார், அவர் மேல் மோதாமலிருக்க ஒடித்தேன், விழுந்துவிட்டேன் என்று அவன் மலாயில் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் கிழவர் எங்கே என்று கேட்டாள். அவன் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினான்.

முதலில் பார்த்தது ஷாந்தினிதான். "அதோ தாத்தா!"

எதிர்ப்பக்கம், புது வீடுகள் விற்கிற நிறுவனத்தின் கண்ணாடி அலுவலகம். அது இன்னும் திறக்கவில்லை. வாசற்படிக்குக் கீழே, வெயிலில், கையைக் கட்டிக்கொண்டு அப்புசாமி நின்றார். படியில் கால் வைக்கவில்லை.

"வாங்க அப்புசாமி, போலாம்" என்று இந்திரா அவர் காதருகே போய்ச் சொன்னாள்.

"தொரை வரட்டும்மா. பேர வெட்டிட்டாங்க. ஒரு நாளு லேட்டா வந்தது கெடையாது நானு. கேட்டுட்டு வந்துர்றேன்."

"வெட்டுனது நான்தான்" என்றாள். "தப்பு என்னோடது." அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த வெயிலில் எல்லாரும் பார்க்க அழுதாள். அவருக்குக் காது கேட்டதோ இல்லையோ, அழுகிற பெண்ணைப் பார்த்துச் சங்கடப்பட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு உஷாராணி அந்த மடக்குக் கட்டிலை வெளியே இழுக்கச் சொன்னாள். "ராத்திரில எங்க போடுவீங்க?"

"பின்கதவுகிட்ட."

"வழிய மறிச்சு." உஷாராணி பின்கதவைக் காட்டினாள். "ஆன்ட்டி, இந்த வீடு தீப்பிடிச்சா போம்பாக்காரன் எங்கிட்டத்தான் கேப்பான், உள்ள எத்தன பேருன்னு. நான் பத்துன்னு சொல்லுவேன். பத்துப் பேரத் தூக்கிட்டு வந்துட்டு, முடிஞ்சதுன்னு போயிருவான். இவரு உள்ள இருப்பாரு. பொய் சொல்லி ஏமாத்துனது என்னை இல்ல, இவரு உசுர வெச்சு வெளையாடிட்டீங்க."

அதிகாரிகளை வாய்க்கு வந்தபடி பேசுகிற இந்திரா அன்றைக்கு அந்தக் கட்டிலைத் தானே மடக்கி நிமிர்த்தினாள். அந்தப் பெண் சொன்னது அத்தனையும் நியாயம். நியாயமாக இருந்ததுதான் சுட்டது.

வீட்டை மூடவில்லை. இந்திரா தானே முன்வந்து உண்மையைச் சொன்னாள் என்று உஷாராணி எழுதினாள். எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் பத்து என்றால் பத்துதான், மாதக் கடைசிக்குள் ஒருவர் வேறு இடத்துக்குப் போக வேண்டும். அப்புசாமிக்கு இடம் தேடி உஷாராணியே ஊரெல்லாம் போன் போட்டாள். அரசாங்க இல்லம் வேறு மாநிலத்தில், அங்கேயும் நீண்ட வரிசை. மற்ற இல்லக்காரர்கள் நடந்து வெளியேறுகிற ஆள் என்றதும் கையை விரித்தார்கள். அவருக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பலாம் என்றால், படுக்கையில் இருக்கிறவர்களை எடுக்க யாருக்கும் ஆள்பலம் இல்லை. கடைசியில் ஒரே ஒரு இடம் அகப்பட்டது. அலோர் காஜாவில் பெண்கள் இல்லம். நல்ல இடம், பதிவு பெற்ற இடம். ஆனால் தானாகக் குளித்து, தானாக உடுத்தி, தானாகச் சாப்பிடத் தெரிந்தவர்களை மட்டும்தான் சேர்ப்பார்கள்.

இந்திரா பதினொரு முகங்களையும் மனசுக்குள் ஒரு சுற்று பார்த்தாள். இன்னொரு சுற்றும் பார்த்தாள். எத்தனை தரம் பார்த்தாலும் ஒரே முகத்தில்தான் வந்து நின்றது. வந்த புதிதில் சட்டை போடக்கூடத் தெரியாமல் நின்ற பெண்ணுக்கு வருடக்கணக்கில் கூடவே நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தது இந்திராதான்.

ஒரு மத்தியானம், ஷாந்தினி கட்டிலோரம் உட்கார்ந்து ஒரு பாட்டிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஷாந்தி, அலோர் காஜாவுல ஒரு வீடு இருக்கு. பெரிய வீடு. உன்னாட்டம் பொண்ணுங்க நெறைய இருக்காங்க."

"நீங்களும் வரீங்களா?"

"இல்லடா. நீ மட்டும். நான் மாசாமாசம் வந்து பாப்பேன்."

மாதாமாதம் என்ற சொல்லைக் கேட்டதும் ஷாந்தினியின் கை நின்றது. அந்தச் சொல் அவளுக்குப் பழக்கமானது.

"ஏன் நானு?"

பொய் சொல்ல இந்திராவுக்கு இனிமேல் தெம்பில்லை. "அங்க சொந்தமா குளிக்க, துணி போடத் தெரிஞ்சவங்களத்தான் சேப்பாங்க. நம்ம வீட்டுல ஒனக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும்."

ஷாந்தினி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு தன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, அதைக் கீழே இருந்த தப்பான ஓட்டையில் மாட்டினாள். சட்டை ஒரு பக்கம் கோணிக்கொண்டது.

"பாருங்கக்கா, தப்பாப் போட்டுட்டேன். எனக்குத் தெரியாது. நாளையிலேருந்து நீங்கதான் என்னைக் குளிப்பாட்டணும். எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு அந்தப் புவான்கிட்ட சொல்லிருங்கக்கா."